அமெரிக்க யதார்த்த ஓவியங்களைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க யதார்த்த ஓவியர்களைப் பற்றிய அறிமுகங்கள் பலவும் ‘கண்ணால் கண்டதை உள்ளபடியே வரைந்தார்கள்’ என்றே தொடங்குகின்றன. மற்ற பிழைகளில் பாதி, இந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளைப்பவை.

வின்ஸ்லோ ஹோமர் 1865-இல், உள்நாட்டுப் போர் ஓய்ந்த சில மாதங்களில், ‘புதிய வயலில் முன்னாள் படைவீரன்’ என்ற ஓவியத்தை வரைந்தார். நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒருவன் உயர்ந்து நிற்கும் கோதுமையை அறுத்துக்கொண்டிருக்கிறான். அவன் கழற்றிப் போட்ட படைச்சட்டையும் தண்ணீர்க் குப்பியும் வலப்பக்க மூலையில் கிடக்கின்றன. கையிலிருப்பது, இரு கைகளாலும் வீசி அறுக்கும் ஒற்றை அலகு அரிவாள். ஆனால் அக்காலத்து உழவர்கள் தானியம் அறுக்க, வெட்டுண்ட தாள்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழும்படி மரச்சட்டம் பொருத்திய அரிவாளைத்தான் பயன்படுத்தினர். ஹோமருக்கு இது தெரியாமலில்லை: முதலில் சட்டத்தோடுதான் வரைந்தார், பிறகு அதன்மேல் வண்ணம் பூசி மறைத்தார், மறைத்த கோடுகள் இன்றும் உற்றுப் பார்த்தால் நிழல்போலத் தெரிகின்றன. நமக்கு எமன் என்றால் பாசக்கயிறு நினைவுக்கு வருவதுபோல, மேலை மரபில் சாவின் கையில் இருப்பது இந்த ஒற்றை அலகு அரிவாள். அதிபர் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டில் அதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். இந்த ஓவியத்தை அக்கால வேளாண் கருவிகளுக்குச் சான்றாகக் காட்டுவது தவறு.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. பிலடெல்பியாவின் தாமஸ் ஏகின்ஸ் 1881-இல் வரைந்த ‘வலை செப்பனிடுதல்’ போன்ற ஓவியங்களுக்குத் தாமே எடுத்த புகைப்படங்களைப் பயன்படுத்தினார் என்பதும், அவற்றின் உருவங்களை ஓவியத் துணிமீது விழச்செய்து நுண்ணிய கீறல்களால் இடம் குறித்துக்கொண்டார் என்பதும் பின்னாளைய ஆய்வில் தெரியவந்தபோது, ‘நகலெடுத்தவர்தானா’ என்று சலித்துக்கொள்வது எளிதாயிற்று. வெவ்வேறு படங்களிலிருந்து எடுத்த ஆட்களை ஒரே மேட்டில், ஒரே வெளிச்சத்தில் பொருந்த நிறுத்துவதை நகலெடுத்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏகின்ஸின் ‘கிராஸ் அறுவை அரங்கு’ (1875) பற்றி இரண்டு பிழைகள் அடிக்கடி காணப்படுகின்றன. முதலாவது, 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த, அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சி அந்த ஓவியரையே புறக்கணித்தது என்பது. உண்மையில் அவருடைய வேறு படைப்புகள் கலைக்கூடத்தில் இடம்பெற்றன. இரத்தம் தோய்ந்த விரல்களில் கத்தியோடு மருத்துவர் சாமுவேல் கிராஸ் திரும்பி நிற்கும் இந்த ஓவியம் மட்டும் ஏற்கப்படாமல், ராணுவ மருத்துவமனைக்கான காட்சிப் பகுதியில் மாட்டப்பட்டது. இரண்டாவது, மருத்துவர்கள் கறுப்புக் கோட்டு அணிந்து, கையுறையின்றி நிற்பதை ஓவியரின் நாடகப் பாங்கு என்று கொள்வது. அன்றைய வழக்கமே அதுதான். கிராஸ், பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் லிஸ்டரின் கிருமிநாசினி முறையை நம்பாதவர். பதினான்கு ஆண்டுகள் கழித்து ஏகின்ஸே வரைந்த ‘ஆக்னியூ அறுவை அரங்கு’ ஓவியத்தில் மருத்துவர்கள் வெள்ளை அங்கியில் இருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் விளக்கப் புகுவது வீண்.

தலைப்பை நம்பி இடத்தை முடிவுசெய்வது இன்னொரு தவறு. ஈஸ்ட்மன் ஜான்சன் 1859-இல் காட்சிக்கு வைத்த ‘தெற்கில் நீக்ரோ வாழ்க்கை’, அடிமைமுறை நிலவிய கென்டக்கி மாநிலத்தைப் பற்றிய பிரபலமான ஒரு பாடலின் பெயரால் விரைவிலேயே அழைக்கப்படலாயிற்று. அதனால் அது தோட்டப்பண்ணைக் காட்சி என்றே பலர் எழுதுகிறார்கள். அவர் வரைந்ததோ வாஷிங்டன் நகரில், தம் தந்தையின் வீட்டை ஒட்டிய கொல்லைப்புறம். தலைநகரில் 1862 வரை அடிமைமுறை சட்டப்படியே நடந்தது என்ற செய்தி, கென்டக்கி என்ற பெயரோடு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

கையொப்பமும் ஏமாற்றும். தொட்டுப் பார்க்கத் தூண்டும் பொருளோவியங்களுக்குப் பெயர்பெற்ற வில்லியம் ஹார்னெட்டின் கையொப்பம், ஜான் பீட்டோ என்ற மற்றோர் ஓவியரின் பல ஓவியங்களில் பின்னர் போலியாக இடப்பட்டிருந்ததை, 1940-களில் ஆல்ஃபிரெட் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற விமர்சகர் கண்டறிந்தார். ஹார்னெட் பித்தளையையும் மரத்தையும் கூர்மையாகத் தீட்டுவார். பீட்டோவின் விளிம்புகள் மென்மையானவை, ஒளி தூள்போலப் பரவியிருக்கும். பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாலே வேறுபாடு தெரியும்.