எழுத்துக்கூட்டத் திணறுகிறதா? காதைக் கவனியுங்கள்

பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினால் உடனே இன்னொரு காப்பி நோட்டு வாங்காதீர்கள். ஒலிகளைப் பிரித்துக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். 4, 5 வயதில் ஒலி ஒற்றுமையைச் சரியாகப் பிடிக்கும் பிள்ளைகள் பின்னால் நன்றாகப் படிப்பதை 1983இல் இங்கிலாந்தில் பிராட்லி, பிரையன்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள்.

சமையலுக்கு நடுவிலேயே விளையாடலாம். “கல், பல், மரம்... இதில் சேராதது எது?” அது பழகியதும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ‘பல்லி’, ‘பள்ளி’ என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். எதற்குச் சுவரைக் காட்டுகிறது, எதற்குப் புத்தகப் பையைக் காட்டுகிறது? ழகரத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள். நம்மில் பாதிப் பேர் ‘வாளப்பளம்’தானே சாப்பிடுகிறோம்!

அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளையா? நடுக்காதில் நீர் கோத்துக் கேட்பது மந்தமாகியிருக்கலாம். காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.