அடுத்த வருடம் நூறு நாணயமா? இலக்கை அப்படி வைக்காதீர்கள்

டிசம்பர் பிறந்தால் காசு சேர்க்கிற நண்பர்களிடம் ஒரே பேச்சுதான்: அடுத்த வருடம் நூறு நாணயம். போன வருடம் ஐம்பது, இந்த வருடம் எழுபது, அடுத்து நூறு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வருடக் கடைசியில் அந்த ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், பாதிக்கு மேல் எண்ணிக்கைக்கு ஆகட்டும் என்று வாங்கினதாக இருக்கும், எங்கே வாங்கினோம், ஏன் வாங்கினோம் என்றுகூட ஞாபகம் வராது. நானும் இரண்டு வருடம் அப்படி ஓடினவன்தான். அந்த இரண்டு வருடத்தில் வாங்கினதில் இன்றைக்கும் கையில் எடுத்துப் பார்க்க ஆசை வருவது ஆறோ ஏழோதான்.

எண்ணிக்கை என்று ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குப் போகிறவர் எப்படி வாங்குவார் தெரியுமா? ஸ்டேடியம் பக்கத்தில் காலையில் தரையில் விரித்திருக்கிற துணியில் பழைய கடிகாரம், கேசட், செருப்பு இதற்கெல்லாம் நடுவில் ஒரு பிஸ்கட் டின் நிறையக் காசு கிடக்கும், அவர் டின்னோடு விலை பேசுவார். என்ன தேடுகிறோம் என்று தெரிந்தவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவார், அரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு காசைத் தூக்கிக் காட்டி "அண்ணே, இது எவ்வளவு?" என்பார். வீட்டுக்குப் போய் அவர் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். எனக்கு இரண்டாவது ஆளைத்தான் பிடிக்கும்.

சரி, அப்படியானால் இலக்கை எப்படி வைப்பது? முடிவு தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ என்று பெயர் போட்ட 1 சென்ட் காசு. எலிசபெத் ராணி தலையோடு சதுரமாக, மூலை மழுங்கி இருக்கும், 1956, 1957, 1958, 1961 என்று நாலு வருடம். அப்புறம் 1962-ல் காசு வட்டமாகிவிட்டது, ராணியும் இல்லை, அந்த இடத்தில் குறுக்காக வைத்த இரண்டு கிரிஸ் கத்தி. மொத்தம் ஐந்தே காசு. ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நடுவில் 1957-ல் மெர்டேக்கா, மலாயாவின் சுதந்திரம், வருகிறது, அதற்குப் பிறகும் ராணி தலை நாலு வருடம் ஓடுகிறது, ஏன் என்று மனம் கேட்கும். அந்த நாணயம் மலாயாவுக்கு மட்டும் சொந்தமில்லை, சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ, புருணை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓடியது என்பது அப்போதுதான் உறைக்கும். ஒரு கேள்வியை எழுப்பி விடையையும் கையில் கொடுக்கிற இலக்கு, ஐந்து காசாக இருந்தாலும் ஒரு வருடத்துக்குப் போதும்.

இதற்கு நேர் எதிரான தவறு, அகலக் கால் வைப்பது. "நீரிணைக் குடியேற்ற நாணயம் எல்லாம் சேர்க்கப் போகிறேன்" என்று ஒரு தம்பி போன வருடம் சொன்னார், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பழைய பிரிட்டிஷ் பகுதியின் காசு. கிழக்கிந்தியக் கம்பெனி பெயரில் 1845-ல் வந்த சென்ட்டில் தொடங்கி விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் என்று 1935 வரைக்கும் தொண்ணூறு வருடக் கதை அது, அதிலும் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒவ்வொரு வருடம், நாணயச் சாலைக் குறி வேறு. பிப்ரவரிக்குள் எளிதானவை எல்லாம் வந்துவிட்டன, பிறகு ஆறு மாதம் ஒன்றும் வரவில்லை, ஆகஸ்டில் ஆல்பத்தையே மூடி வைத்துவிட்டார். ஒரு வரிசையைத் தேர்ந்தெடுக்கும் முன் அதில் ரொம்பக் கஷ்டமான காசு எது, அது என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். அது உங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது என்றால் அந்த வரிசையைக் கைவிட வேண்டாம், எல்லையைச் சுருக்குங்கள்: எட்வர்ட் அரசர் காலம் மட்டும், அதிலும் 1 சென்ட் மட்டும் என்று.

ஆசை வேறு, வருட இலக்கு வேறு. பினாங்குக்காரனான எனக்கு ஒரு ஆசை உண்டு, இந்தத் தீவுக்கென்றே கம்பெனி 1810, 1825, 1828-ல் அடித்த செம்புக் காசு, ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் ஜாவியில், அதாவது மலாய் எழுதப் பயன்படும் அரபு எழுத்தில், புலாவ் பினாங் என்று எழுதினது. தேய்ந்து மழுங்காத ஒன்று என்றாவது கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறேன், ஆனால் அதை எந்த வருடக் கணக்கிலும் எழுதுவதில்லை. எழுதினால் அவசரம் வரும், அவசரத்தில்தான் போலி வாங்குவோம்.

போலி என்றதும் ஞாபகம் வருகிறது. "இந்த வருடத்துக்குள் ஒரு பெரிய வெள்ளி டாலர்" என்று இலக்கு வைத்த வருடம், டிசம்பர் நெருங்க நெருங்க எனக்குப் பதற்றம் கூடிப் போய், ஒரு கடையில் பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவமான பிரிட்டானியா நிற்கிற பிரிட்டிஷ் வர்த்தக டாலர் ஒன்றைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். பின்பக்கம் சீன எழுத்து, ஜாவி எழுத்து எல்லாம் சரியாகவே இருந்தன. வீட்டில் தராசில் வைத்தால் 22 கிராம் சொச்சம். அசல் 26.95 கிராம், தொண்ணூறு சதவீதம் வெள்ளி. தேய்மானத்தில் ஒரு கிராமுக்குள் குறையலாம், நாலு கிராம் எங்கே போகும்? அன்றிலிருந்து என் முதல் செலவு காசுக்கில்லை. பாக்கெட்டில் அடங்குகிற டிஜிட்டல் தராசு, பத்து மடங்கு பூதக்கண்ணாடி, ஒரு சின்னக் காந்தம், இந்த மூன்றும் இல்லாமல் வெள்ளிக் காசு வாங்கப் போகாதீர்கள். எட்வர்ட் தலை போட்ட நீரிணை டாலரில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது: 1903, 1904-ல் வந்தது 26.95 கிராம், 1907-லிருந்து வந்தது அளவிலும் எடையிலும் சிறியது, ஏறக்குறைய 20.2 கிராம். இது தெரியாமல் அசலைப் போலி என்று விட்டவர்களும் உண்டு. வாங்கப்போகிற காசின் எடையையும் விட்டத்தையும் இலக்குத் தாளிலேயே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வெளியிடுகிற நினைவு நாணயம் எல்லாம் வாங்குவேன் என்று சிலர் வைப்பார்கள். அது உங்கள் இலக்கு இல்லை, பேங்கின் அட்டவணை. என்ன வரும், எத்தனை வரும், குலுக்கலில் கிடைக்குமா என்று எதுவும் உங்கள் கையில் கிடையாது. பிடித்த ஒன்றை வாங்குங்கள், தாராளமாக. விலை ஏறும் என்று வாங்காதீர்கள்.

லாபத்தை இலக்கில் சேர்ப்பவர்களிடம் எனக்கு நிஜமாகவே வருத்தம். "இந்த வருடக் காசு ஆயிரக்கணக்கில் போகிறது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படங்களை நம்பி, கம்போங்கில் இருக்கிற வயதானவர்கள் 1 வெள்ளி, அதாவது 1 ரிங்கிட், நாணயத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். கிரிஸ் போட்ட அந்த 1 வெள்ளி 1989-ல் வந்தது, கள்ள நாணயம் பெருகியதால் 2005 டிசம்பரில் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். கோடிக்கணக்கில் அடித்த காசு, இன்னும் எத்தனையோ வீட்டு உண்டியலில் கிடக்கிறது. அதைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, 1989-லிருந்து 1996 வரை வருடத்துக்கு ஒன்று என்று வைத்தால் அழகான சின்ன இலக்கு. முதலில் டாலர் குறியோடு வந்தது, பிறகு ரிங்கிட் என்று எழுத்தில் வந்தது, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பணக்காரர் ஆகமாட்டீர்கள், அவ்வளவுதான்.

காசே செலவில்லாத இலக்கும் இருக்கிறது. இப்போது புழக்கத்தில் இருக்கிற 5, 10, 20, 50 சென் காசு வரிசை 2012 ஜனவரியில்தான் கைக்கு வந்தது, ஆனால் 2011 என்று தேதி போட்டவையும் உண்டு. 2011 முதல் இன்று வரை, மீதிச் சில்லறையிலிருந்து மட்டும். எளிது என்று நினைப்பீர்கள். நாசி கண்டார் கடையிலும் கியூஆர் குறியைத் தட்டிவிட்டுப் போகிற காலத்தில் சில்லறை கையில் வருவதே குறைந்துவிட்டது, அதனால் வாரத்தில் ஒரு நாளாவது நோட்டுக் கொடுத்துச் சாப்பிடுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

அப்புறம் சுத்தம். "இந்த வருடம் எல்லாக் காசையும் பளபளப்பாக்கி அடுக்கணும்" என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். தாத்தாவின் சுருக்குப் பையில் 1908-ஆம் வருட 1 சென்ட் ஒன்று இருந்தது, நல்ல கருஞ்சாக்லேட் நிறம், அரசர் தாடியில் மயிர் மயிராகக் கோடு தெரியும். தீபாவளிக்குக் குத்துவிளக்கு தேய்க்கிற புளியோடு அம்மா அதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார்கள், அன்போடுதான். கொய்யாப்பழச் சதை நிறத்தில் பளிச்சென்று வந்தது, தாடி போய்விட்டது. நூறு வருடம் செம்பின்மேல் மெதுவாக ஏறின நிறம் அது, போனால் திரும்பாது, பார்க்கிறவர் கண்ணுக்கு உடனே தெரியும், விலையும் விழும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

நம் ஊர் ஈரத்துக்கு ஆல்பமும் எதிரிதான். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறையில் இரண்டு மூன்று வருடம் விட்டால் காசின்மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும், அது உலோகத்தை அரிக்கும். பிவிசி இல்லாத உறை, காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். வருடத்துக்கு ஐந்நூறு வெள்ளி ஒதுக்கினால் நூறு வெள்ளி இதற்குப் போகட்டும்.

தமிழ்நாடு போகிறவர்களுக்கு ஒன்று. "இந்த வருடம் ஊருக்குப் போகும்போது ஒரு சோழர் காசு" என்று பலர் சொல்கிறார்கள், ஆசை புரிகிறது, எனக்கும் உண்டு. ஆனால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது, தனி ஆள் அதை நாட்டை விட்டு வெளியே எடுத்துவர முடியாது. கோயில் வாசலில் விற்கிறவர் அதைச் சொல்லமாட்டார், அவரிடம் இருப்பது பெரும்பாலும் வார்ப்புப் போலி என்பதையும் சொல்லமாட்டார்.

மாதத்துக்கு ஒன்று என்று பிரித்துப் போடுவதும் சரிவராது, சந்தை நம் காலண்டர் பார்த்து நடப்பதில்லை. மூன்று மாதம் ஒன்றும் வராமல் நாலாவது மாதம் ஒரே கடையில் இரண்டு வரும். வராத மாதங்களில் படியுங்கள், கோலாலம்பூர் போனால் சாசானா கிஜாங்கில் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகத்தில் நாணயக் கூடத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், அசல் எப்படி இருக்கும் என்று கண் பழகிக்கொள்ளும். வாங்கின தேதி, இடம், விலை, எடை நாலையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், உங்களுக்குப் பின் அந்த ஆல்பத்தைத் திறக்கப் போகிற பிள்ளைக்கு அதுதான் வழிகாட்டி.

என் அடுத்த வருடத் தாளில் இரண்டே வரி. அந்த ஐந்து 1 சென்ட்டில் எனக்கு இன்னும் 1958-உம் 1961-உம் வரவேண்டும், மூலை நசுங்காமல், சுத்தம் செய்யப்படாமல். இரண்டாவது வரி, எண்ணிக்கைக்காக வாங்கின அந்தக் காலத்துக் குவியலைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். 1957 என்னிடம் இரண்டு இருக்கிறது, யாருக்காவது தேவைப்பட்டால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.