அரை ஏக்கரில் வீட்டுக் கறிக்கு ஐந்து கிடாக்குட்டிகள்: வளர்க்கும் முறை

ஐந்து பேர் உள்ள வீட்டில் வாரத்துக்கு ஒரு கிலோ கறி சமைப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கிலோ தேவைப்படும். தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கன்னி இன வெள்ளாட்டின் கிடாக்குட்டி ஒன்றை நன்றாகப் பேணினால் பத்து மாத வயதில் 20 கிலோ வரை தூக்கும். அதை அறுத்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாக, எலும்போடு சேர்த்து 9 கிலோ கறி கிடைக்கும். தலை, கால், ஈரல், குடல் ஆகியவை இதற்கு வெளியே. ஆகவே ஆண்டுக்கு ஐந்து கிடாக்கள் இருந்தால் வீட்டுத் தேவை அநேகமாக நிறைவேறிவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெட்டை ஆடு வாங்கி இனப்பெருக்கம் செய்யத்தான் விரும்புவார்கள். கறி மட்டுமே நோக்கமென்றால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டைக்கு ஐந்து மாதச் சினைக்காலமும் மூன்று மாதப் பாலூட்டும் காலமும் தீவனம் போட்ட பிறகுதான் ஒரு கிடாக்குட்டி கைக்கு வரும். பிறப்பவற்றில் பாதி பெட்டையாக இருக்கும். இனச்சேர்க்கைக்குப் பொலிகிடாவுக்கும் வழி தேட வேண்டும். பால் மறந்த மூன்று நான்கு மாதக் கிடாக்குட்டிகளை வாங்கி ஆறேழு மாதம் வளர்ப்பதே சிறிய நிலத்துக்குப் பொருத்தமானது. கோடையில் தீவனம் குறையும்போது பட்டியைக் காலியாக வைத்திருக்கும் வசதியும் இதில் உண்டு.

குட்டி வாங்குவதற்கு ஆறு மாதம் முன்பே தீவனத்தை நட்டுவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வரப்பெல்லாம் பச்சையாக இருப்பதைப் பார்த்துப் பத்துக் குட்டிகளைப் பிடித்து வந்து, பங்குனியில் தழைக்கு அலைந்து, மெலிந்த ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளியவர்களை எங்கள் ஊரில் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டில் நானும் அதையே செய்தேன். எத்தனை குட்டிகள் என்பதைச் சித்திரை மாதத்தில் நம் நிலம் எவ்வளவு தழை தரும் என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஒரு குட்டிக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 3 கிலோ பசுந்தீவனம் என்றால் ஐந்து குட்டிகளுக்கு 15 கிலோ, ஏழு மாதத்துக்கு மூன்று டன்னுக்குச் சற்று மேல். நீர்ப்பாசனமும் தொழுவுரமும் உள்ள இடத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஒரு சென்டுக்கு ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் விளையும் என்பது கணக்கு. நம் தோட்டத்தில் அதில் பாதி கிடைக்கும் என்று கொண்டு பத்து சென்டில் அந்தப் புல்லின் கோ-5 ரகத் தண்டுக் கரணைகளை ஊன்றினால் போதுமானதாக இருக்கும்.

ஆனால் வெள்ளாடு புல்லை விடத் தழையை விரும்பும் பிராணி. எனவே புல்லோடு வேலிமசால் என்னும் பயறுவகைத் தீவனச் செடியை இன்னொரு பத்து சென்டில் விதைத்து, வேலியோரம் முழுவதும் அகத்தி, கிளிரிசிடியா, சவுண்டல் (சுபாபுல்), முருங்கை, கல்யாண முருங்கை ஆகியவற்றை நெருக்கமாக நட வேண்டும். வேர் இறங்கிய மரம் கோடையிலும் துளிர்ப்பதால் இந்த வேலியே நம் சேமிப்புக் கிடங்கு. சவுண்டலில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடக்கூடாது. பூக்காத இளஞ்சோளத்தை, குறிப்பாக வெயிலில் வாடிய பயிரையும் அறுத்த தாளில் துளிர்த்த மறுதாம்பையும் ஒருபோதும் போடக்கூடாது. அவற்றில் உண்டாகும் சயனைடு நஞ்சு ஆட்டைச் சில நிமிடங்களில்கூடச் சாய்த்துவிடும். நிலக்கடலைக் கொடியையும் உளுந்துப் பொட்டையும் அறுவடைக் காலத்திலேயே காயவைத்துக் கட்டி வைத்துக்கொள்வது நல்லது.

குட்டிகளை அக்கம்பக்கத்து வளர்ப்பாளரிடம் வாங்குவதே உத்தமம். தாயைப் பார்த்து வாங்கலாம், நோய் வரலாற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தை, செஞ்சியின் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் வாங்குவதானால் விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். வயிறு மட்டும் புடைத்திருந்து முதுகெலும்பு கையில் தட்டுப்படும் குட்டி, எடை காட்டுவதற்காகத் தண்ணீரும் தவிடும் ஊட்டப்பட்டதாக இருக்கலாம். வால் அடியில் கழிச்சல் கறை, மூக்கில் சளி, உதட்டில் புண் ஆகியவற்றைப் பார்ப்பதோடு, கீழ் இமையைத் தாழ்த்தியும் பார்க்க வேண்டும். உட்புறம் சிவந்திருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ரத்தம் உறிஞ்சும் குடற்புழு இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். வீட்டில் வேறு ஆடுகள் இருந்தால் புதியவற்றை மூன்று வாரம் தனியே கட்ட வேண்டும்.

கொட்டிலுக்குப் பெரிய செலவு தேவையில்லை. கிழக்கு மேற்காக நீண்ட கூரை, குட்டி ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி, மேடான தரை, இரவில் நாய் நுழையாத அடைப்பு ஆகியவை போதும். ஈரத்தரை குளம்பையும் நுரையீரலையும் ஒருசேரக் கெடுக்கும் என்பதால், மழை மிகுந்த பகுதியில் மட்டும் மூன்றடி உயரத்தில் பரண் அமைப்பது நல்லது.

தழையைத் தரையில் போடாமல் ஆட்டின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் வீணாவது குறையும். உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப் பிண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, உப்பு 1 என்ற பங்கில் அடர்தீவனம் கலந்து, குட்டி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் சிறிது சிறிதாகக் கூட்டி 200 கிராம் வரை கொடுக்கலாம். திடீரென்று தானியம் மிகுந்தால் வயிறு உப்பும். குடலில் நுண்ணுயிர் நஞ்சு பெருகி ஆட்டைத் திடீரென்று சாய்க்கும் துள்ளுமாரி நோய்க்கும் அதுவே வாசல். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசிகளை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். குடற்புழு மருந்தைக் குட்டி வந்து இளைப்பாறிய பிறகும், மழைக்கு முன்னும் பின்னும் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும்.

காயடித்த கிடா சண்டையிடாமல் சதை பிடிக்கும். கறியிலும் கிடா வாடை இராது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு எங்கள் பக்கத்தில் இதைச் செய்வதில்லை. மற்றவற்றுக்கு மூன்று மாதம் கடந்த பின் மருத்துவரைக் கொண்டு இடுக்கியால் விதைநாளத்தை நசுக்கச் செய்யலாம். மிக இளம் வயதில் காயடித்துத் தவிடும் தானியமும் அதிகமாகக் கொடுத்தால் சிறுநீர்ப் பாதை குறுகிக் கல் அடைக்க வாய்ப்புண்டு. ஆகவே தொட்டியில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

அறுப்பதற்கு முந்தின நாள் மாலையிலிருந்து தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். ஊசியோ குடற்புழு மருந்தோ கொடுத்திருந்தால் அறுப்பதற்கு முன் விட வேண்டும் என்று மருந்தின் அட்டையில் குறித்த இடைவெளி நாட்கள் முடிந்தனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நகர எல்லையில் இருப்பவர்கள் உள்ளாட்சியின் அறுவைக்கூடத்துக்கே கொண்டு செல்லலாம். கிராமத்தில் கைதேர்ந்த கறிக்கடைக்காரரை வரவழைப்பது ஆட்டுக்கும் நல்லது, கறிக்கும் நல்லது. ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் தென்பட்டால் அவற்றை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும், ஏனெனில் அந்தப் புழு நாயின் வழியாக மீண்டும் ஆட்டுக்கும் நம் பிள்ளைகளுக்கும் வந்து சேரும். எக்காரணம் கொண்டும், திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்த ஆட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம்; மருத்துவருக்குத் தகவல் சொல்லிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே சரியான வழி.

ஒரே நாளில் ஒன்பது கிலோ கறியை ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. இதற்கு நம் ஊர்களில் பங்குக்கறி என்னும் நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஆடு வளர்க்கும் நான்கைந்து வீட்டார் சேர்ந்து முறைவைத்து அறுத்துக் கூறு போட்டுக்கொண்டால், எல்லா வீட்டிலும் மாதத்துக்கு இரண்டு முறையாவது புதுக்கறி கிடைக்கும். மிஞ்சியதை எலும்பு நீக்கி விரற்கடை அகலத்துக்குக் கீறி, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பிசறி, நூலில் கோத்து, ஈ மொய்க்காதபடி மெல்லிய துணியால் மூடி, நல்ல வெயிலில் கொடியில் உலர்த்தினால் உப்புக்கண்டமாகும். ஒடித்தால் முறியும் பதம் வந்த பிறகே சாடியில் எடுத்து வைக்க வேண்டும். இதற்காகவே கடைசி இரண்டு கிடாக்களை மாசி, பங்குனி வெயிலில் அறுக்கும்படி கணக்கிட்டு ஆவணியில் குட்டி வாங்குகிறேன்.