கெயின் சரியாக இருந்தால் சவுண்ட் மிக்ஸர் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்

"மிக்ஸர்ல ஒரே இரைச்சல்", "பாடும்போது சத்தம் கிழியுது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை சேனலின் (ஒவ்வொரு மைக்குக்கும் கருவிக்கும் உரிய வரிசை) உச்சியில் இருக்கும் அந்த ஒரு திருகில்தான் போய் முடிகின்றன. சில மிக்ஸர்களில் கெயின் என்று போட்டிருப்பார்கள், சிலவற்றில் ட்ரிம். அது வால்யூம் திருகு இல்லை. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், மிக்ஸர் உள்ளே வேலை செய்வதோ ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவில், அந்த இடைவெளியை நிரப்பும் ப்ரீஆம்பை எவ்வளவு உழைக்க வைப்பது என்பதைத்தான் இந்தத் திருகு முடிவு செய்கிறது. குறைவாக வைத்தால் பின்னால் எங்கோ ஏற்றவேண்டி வரும், அப்போது மிக்ஸரின் சொந்த இரைச்சலும் சேர்ந்தே ஏறும். அதிகமாக வைத்தால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை அப்புறம் சேனலின் வால்யூமை மாற்றும் நகர்த்துபட்டையான ஃபேடரைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது, அதே கிழிசல் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

முதலில் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள்: கெயின் முழுக்க இடதுபக்கம், ஃபேடர்கள், ஆக்ஸ் (மேடையில் பாடுபவர் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கு அனுப்பும் திருகு), மாஸ்டர் (மொத்த அளவு) எல்லாம் அடிமட்டத்தில், ஈக்யூ (பாஸ், ட்ரெபிள் திருகுகள்) நடுவில். கண்டென்சர் மைக் என்றால் மைக் கேபிள் வழியாகவே போகும் +48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும், சேனலை ம்யூட் செய்துவிட்டு அதைப் போடுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் 'டொப்' என்று அடிக்கும். சின்ன மிக்ஸர்களில் இது எல்லா மைக் சாக்கெட்டுக்கும் ஒரே சுவிட்சாகத்தான் இருக்கும், பழைய ரிப்பன் மைக் ஏதாவது செருகியிருந்தால் அது கெட்டுப்போகாமலிருக்க முன்பே கழற்றிவிடுங்கள். குரலுக்கு லோ கட் பட்டனை (அடி உறுமலை வெட்டுவது) இப்போதே அழுத்திவிடலாம்.

இனி அந்தச் சேனலின் பிஎஃப்எல் பட்டன், அதாவது ஃபேடருக்கு முன்னாலேயே சேனலின் அளவைக் காட்டுவது. சில மிக்ஸர்களில் சோலோ என்றிருக்கும், அது ஏஎஃப்எல்-லில் இருக்கிறதா பிஎஃப்எல்-லில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏஎஃப்எல் என்றால் ஃபேடருக்குப் பின்னால் அளக்கும், நமக்கு அது உதவாது. பிஎஃப்எல்-லை அழுத்தியதும் பெரும்பாலான மிக்ஸர்களில் மெயின் மீட்டர் அந்த ஒரு சேனலை மட்டும் காட்டும். இப்போது பாடுபவரைப் பாடச் சொல்லுங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ" எல்லாம் வேண்டாம், பாட்டில் எங்கே தொண்டை திறந்து உச்சத்துக்குப் போகிறாரோ அந்த வரி, மேடையில் மைக்கை எப்படிப் பிடிப்பாரோ அதே தூரத்தில். அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே கெயினை மெதுவாக வலதுபக்கம் திருகுங்கள். சாதாரண வரிகளில் பச்சை விளக்குகள் 0-வைச் சுற்றி ஆடவேண்டும், உச்சத்தில் +6 வரை எட்டிப் பார்க்கலாம், சிவப்பு எரியக்கூடாது. பல சிறிய மிக்ஸர்களில் திருகின் கடைசிக் கால்வாசியில் கை கொஞ்சம் அசைந்தாலே அளவு தாவி ஏறும், அங்கே அவசரப்படாதீர்கள். சரியான இடம் கிடைத்ததும் 3 டெசிபலிலிருந்து 6 டெசிபல் வரை பின்னால் இழுத்து வையுங்கள், ஏனென்றால் கூட்டத்தைப் பார்த்ததும் எல்லோரும் சவுண்ட் செக்கில் பாடியதைவிடச் சத்தமாகத்தான் பாடுவார்கள்.

டிரம்ஸுக்கு மட்டும் மீட்டரை முழுசாக நம்பவேண்டாம். முள் ஆடும் பழைய வியூ மீட்டர் 0-வைத் தொட ஏறத்தாழ 300 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும், ஸ்னேர் டிரம்மின் அடி அதற்குள் வந்து போய்விடும். அங்கே முள்ளை −10 பக்கம் வைத்துவிட்டு பீக் விளக்கைக் கவனியுங்கள். பொதுவாக வெட்டுப்படுவதற்குச் சில டெசிபல் முன்பே அது எரியும்படிதான் அமைத்திருப்பார்கள், அதனால் டிரம்ஸில் எப்போதாவது ஒருமுறை கண் சிமிட்டினால் பதற வேண்டியதில்லை. குரலில் நின்று எரிந்தால் உடனே குறையுங்கள்.

கீபோர்டு, லேப்டாப் இவற்றுக்கு முதலில் அந்தக் கருவியிலேயே வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றிவிட்டு, லைன் சாக்கெட்டில் (மைக்கைவிடப் பலமான சிக்னலுக்கானது) செருகி, அப்புறம் கெயினுக்கு வாருங்கள். கெயின் அடிமட்டத்தில் இருந்தும் சிவப்பு எரிகிறதா? பெரும்பாலும் லைன் சிக்னலை மைக் சாக்கெட்டில் செருகியிருப்பீர்கள். பேட் பட்டன் (உள்ளே வரும் சிக்னலைக் குறைப்பது) இருந்தால் அழுத்துங்கள், இல்லையென்றால் கருவியில் குறையுங்கள்.

பிஎஃப்எல்-லே இல்லாத மிக்ஸர் என்றால் ஆம்பை அணைத்துவிட்டு, மற்ற சேனல்களை ம்யூட் செய்து, சேனல் ஃபேடரையும் மாஸ்டரையும் 0 கோட்டில் வைத்து, மீட்டரைப் பார்த்து அதே வேலையைச் செய்யலாம்.

இவ்வளவு மெனக்கெடுவதன் பலன் ஃபேடரில்தான் தெரியும். 0 கோட்டுக்குப் பக்கத்தில் ஃபேடரை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் சில டெசிபல்தான் மாறும், அடியிலோ அதே தூரத்தில் பத்து இருபது டெசிபல் பறந்துவிடும். கெயினை ஏற்றிவைத்துவிட்டு ஃபேடரை அடியிலேயே வைத்திருப்பவர்கள் ஒரு பாட்டைக்கூட நிதானமாக மிக்ஸ் செய்ய முடியாமல் தவிப்பது இதனால்தான். ஃபேடர் எல்லாவற்றையும் 0-வில் நிறுத்திவிட்டு கெயினிலேயே மிக்ஸ் செய்பவர்களும் உண்டு, அது தப்பில்லை, ஆனால் சத்தம் குறைவாக வேண்டிய சேனல்களின் கெயின் தேவையில்லாமல் கீழே போய்விடும் என்பதால் எனக்கு அது ஒத்துவரவில்லை.

ஈக்யூவில் எதையாவது 6 டெசிபல் ஏற்றினால் சேனலின் அளவும் கூடும், மறுபடி பிஎஃப்எல் போட்டுப் பாருங்கள். எல்லாச் சேனல்களும் சேரும்போது மாஸ்டர் சிவப்புக்குப் போனால் சேனல் ஃபேடர்களை ஒரே அளவில் இறக்குங்கள். மாஸ்டரை மட்டும் இறக்கினால், அதற்கு முன்னால் இருக்கும் சேர்க்கும் இடத்திலேயே வெட்டுப்படுவது நிற்காமல் போகலாம்.

நிகழ்ச்சி ஓடும்போது கெயினைத் தொடாதீர்கள். ஆக்ஸ் வழியாக மேடை மானிட்டருக்குப் போவதும் கெயினுக்குப் பின்னால்தான் பிரிகிறது, அதனால் நீங்கள் இங்கே ஏற்றியது அங்கே ஃபீட்பேக்காகக் கத்தும். சிவப்பு எரிந்து குறைத்தே ஆகவேண்டும் என்றால், கொஞ்சமாகக் குறைத்துவிட்டு அதே அளவுக்கு அந்தச் சேனலின் ஆக்ஸையும் ஃபேடரையும் ஏற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் பாடுபவர் மானிட்டரில் தன் குரல் கேட்கவில்லை என்று பாட்டின் நடுவிலேயே உங்களைப் பார்த்துக் கையாட்டுவார்.