இணையத்தில் பழகியவரைப் பார்க்க பிலிப்பைன்ஸ் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

2025 ஜூன் 8 முதல் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிலிப்பைன்ஸில் 14 நாள் விசா இல்லாமல் நுழையலாம் என்று ஆனதும், மாதக்கணக்கில் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்த பலர் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். புதிதாகக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால், முன்னால் போனவர்கள் கை சுட்டுக்கொண்ட இடத்திலேயே இவர்களும் கை வைக்கப் போகிறார்கள் என்பது தெரிகிறது. பார்ப்பதற்கு முன்பே பணம் அனுப்பாதே, பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாகிறதா பார், வீடியோ காலில் முகம் காட்டாதவரை நம்பாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

மலிவு என்று இரண்டு தனி டிக்கெட்

சென்னையிலிருந்து மணிலாவுக்கு நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று ஏதாவது ஓர் ஊரில் மாற வேண்டும். ஒரே பிஎன்ஆரில் டிக்கெட் எடுத்தால் பெட்டி மணிலாவரை தானாகப் போய்விடும். முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. நாலாயிரம் ஐயாயிரம் மிச்சமாகிறது என்று சென்னை–சிங்கப்பூர் ஒன்று, சிங்கப்பூர்–மணிலா ஒன்று எனத் தனித்தனியாக எடுத்தால் இந்த இரண்டும் போய்விடும்.

சிங்கப்பூரில் இது இன்னும் மோசம். செக்-இன் செய்த பெட்டியை எடுத்து மறுபடி போட நீங்கள் குடிநுழைவைத் தாண்டி வெளியே வர வேண்டும். இந்தியர்களுக்கு அதற்கு விசா வேண்டும். விசா இல்லையென்றால் சென்னை கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். கோலாலம்பூரில் 2026 இறுதிவரை இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பதால் அங்கே சமாளிக்கலாம். ஆனால் வெளியே வருவதற்கு மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை, அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். இரண்டு விமானத்துக்கும் நடுவில் ஐந்து மணி நேரமாவது இருக்கட்டும்.

சென்னை கவுன்டரில் கேட்கும் இன்னொன்று திரும்பும் டிக்கெட். 14 நாளுக்குள் தேதி இருக்க வேண்டும். தங்கும் இடத்துக்கான உறுதிச் சீட்டு, கையில் பணம் இருப்பதற்கான சான்று, பிலிப்பைன்ஸ் அரசின் இணைய வருகைப் பதிவான ஈ-டிராவலில், போய் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் பதிந்து பெற்ற க்யூஆர் கோடு, இந்த மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். 'தோழி வீட்டில் தங்குகிறேன்' என்று குடிநுழைவில் சொல்லி, முகவரி தெரியாமல் விழிப்பவர்கள் நிறைய. முதல் மூன்று இரவுக்காவது உங்கள் பெயரில் ஹோட்டல் போடுங்கள்.

'செபு' என்றால் எந்த செபு?

செபு என்பது மாநகரத்தின் பெயர், மாகாணத்தின் பெயர், தீவின் பெயரும் அதுதான். 'நான் செபு' என்று சொன்னவர் மாநகரத்திலிருந்து நாலு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கலாம். பேச்சுவாக்கில் அப்படிச் சொல்லிவிட்டு, உண்மையில் பக்கத்துத் தீவான போஹோலில் இருப்பவர்களும் உண்டு. நகராட்சியின் பெயரையும் பராங்காய் பெயரையும் (நம்மூர் வார்டு போல) கேட்டு வாங்கி, வரைபடத்தில் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள். விசாயாஸ் (செபு, போஹோல் எல்லாம் அடங்கிய நடுத் தீவுகள்) பக்கத்தவர் அல்லது தெற்கே மிண்டானாவோ பக்கத்தவர் என்றால் மணிலாவில் இறங்கவே வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து செபுவுக்கும் டாவோவுக்கும் நேரடி விமானம் இருக்கிறது. மணிலாவில் இறங்கி, ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக்குவரத்து நெரிசலில் ஓடி, உள்நாட்டு விமானத்தைத் தவறவிடுவது தேவையில்லாத செலவு.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். புயல் எச்சரிக்கைச் சின்னம் ஏற்றினால் கடலோரக் காவல்படை படகுகளை நிறுத்திவிடும். தீவில் சிக்கினால் திரும்பும் விமானம் போயிற்று. கடைசி இரண்டு இரவும் விமான நிலையம் இருக்கும் தீவிலேயே இருங்கள்.

'நான் சிங்கிள்' என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்வது

எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத விஷயம் இது. எரிச்சல் வருவதற்குக் காரணம், இதில் பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை.

பிலிப்பைன்ஸில் விவாகரத்துச் சட்டம் கிடையாது. முஸ்லிம்களுக்கு மட்டும் 1977ஆம் ஆண்டு தனிநபர் சட்டப்படி அனுமதி உண்டு. 2024 மே மாதம் கீழவையில் ஒரு மசோதா நிறைவேறியது. செனட் அதை ஏற்றுச் சட்டமாக்கவில்லை. ஆகவே, பத்து வருடத்துக்கு முன் கணவனைப் பிரிந்து, குழந்தையைத் தனியாக வளர்த்து, அவன் எங்கிருக்கிறான் என்றே தெரியாமல் வாழும் ஒரு பெண், தன்னைத் தனி ஆள் என்று சொல்வதில் மனசாட்சிப்படி தவறே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் இன்னொருவரின் மனைவி. 'ஹிவாலாய் நா கமி' என்று அவர் சொன்னால் 'நாங்கள் பிரிந்துவிட்டோம்' என்று பொருள். விவாகரத்து ஆகிவிட்டது என்று பொருளல்ல.

இதனால் உங்களுக்கு என்ன? அந்நாட்டுத் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 333ஆம் பிரிவு. திருமணமான பெண்ணோடு, அவர் திருமணமானவர் என்று தெரிந்தே உறவு வைத்துக்கொள்ளும் ஆணுக்கும் அந்தப் பெண்ணுக்கும் 2 ஆண்டு 4 மாதம் 1 நாள் முதல் 6 ஆண்டு வரை சிறை. புகார் கொடுக்க உரிமை கணவனுக்கு மட்டுமே. கொடுத்தால் இருவர் மீதும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பத்து வருடமாகத் திரும்பிப் பார்க்காத கணவனுக்கு, மனைவி வெளிநாட்டுக்காரரோடு ஹோட்டலில் இருக்கிறாள் என்று யாராவது காதில் போட்டால் திடீரென்று மானம் நினைவுக்கு வந்துவிடும். வழக்கமாக அது புகாராக முடிவதில்லை, 'சமரசத் தொகை'யில்தான் முடிகிறது. நீங்கள் ஊர் திரும்ப வேண்டிய தேதி அவனுக்கும் தெரியும் என்பதால் பேரம் பேச உங்களுக்கு இடமே இருக்காது.

'எனக்குத் தெரியாதே' என்று தப்பலாம் என நினைக்க வேண்டாம். உங்கள் மெசஞ்சர் உரையாடலில் 'என் எக்ஸ் ஹஸ்பெண்ட்' என்று அவர் ஐம்பது முறை எழுதியிருப்பார்.

அங்கே பரவலாக உலவும் நான்கு நம்பிக்கைகளை அவரும் உண்மையென்றே நம்பியிருக்கலாம். ஒன்று, ஏழு வருடம் பிரிந்திருந்தால் திருமணம் தானாக ரத்தாகிவிடும் என்பது. ஆகாது. இரண்டு, பராங்காய் அலுவலகத்தில் இருவரும் பிரிவதாகக் கையெழுத்துப் போட்ட காகிதம். அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. மூன்று, தேவாலயம் தந்த ரத்து. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் அது மட்டும் போதாது. நான்கு, கணவன் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான், ஆகவே நானும் விடுதலை என்பது. இல்லை. முன்னாள் கணவர் வெளிநாட்டவராக இருந்து, அவர் தன் நாட்டில் விவாகரத்து வாங்கியிருந்தால் வழி உண்டு. அதையும் பிலிப்பைன்ஸ் நீதிமன்றம் அங்கீகரித்த உத்தரவு கையில் இருக்க வேண்டும்.

குழந்தை இருக்கிறது என்பதால் திருமணமானவர் என்றும் முடிவு கட்டாதீர்கள். சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவர்கள் அங்கே ஏராளம். அவர்கள் சட்டப்படியும் தனி ஆள்தான். முகத்தையோ கதையையோ வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கென்று ஒரு காகிதம் இருக்கிறது.

அதன் பெயர் செனோமார். திருமணப் பதிவு எதுவும் இல்லை என்று பிலிப்பைன்ஸ் புள்ளிவிவர ஆணையமான பிஎஸ்ஏ தரும் சான்று. அவரே இணையத்திலோ நேரிலோ விண்ணப்பிக்கலாம். சில நூறு பெசோதான் செலவு. திருமணப் பதிவு இருந்தால் செனோமாருக்குப் பதில் 'திருமண விவர அறிக்கை' வரும். அதில் யாரை, எப்போது, எங்கே என்ற விவரம் இருக்கும். தலைப்பைப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி பாதுகாப்புத் தாளில் வருவதால் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. சிறு நகராட்சியில் நடந்த திருமணம் மணிலாவுக்குப் போய்ச் சேராமல் இருந்துவிடுவதும் நடக்கும். அதனால் சந்தேகம் இருந்தால் அவர் சொந்த ஊர் சிவில் பதிவாளர் அலுவலகத்திலும் கேட்கச் சொல்லுங்கள்.

இதை எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்கள், முதலில் தங்கள் காகிதத்தைக் காட்டலாம். நீங்கள் விவாகரத்தானவர் என்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை அனுப்பிவிட்டு, அவருடையதைக் கேளுங்கள். உங்கள் வழக்கு இன்னும் குடும்ப நீதிமன்றத்தில் கிடக்கிறது என்றால், 'நான் சிங்கிள்' என்று சொல்லும் யோக்கியதை உங்களுக்கும் இல்லை.

பதிவு இருக்கிறது என்று தெரிந்தால்? நீதிமன்ற ரத்துக்கு லட்சக்கணக்கில் பெசோ செலவாகும், வருடக்கணக்கில் இழுக்கும். அந்தச் செலவை ஏற்பதா என்பதை ஊரில் உட்கார்ந்து யோசியுங்கள். டிக்கெட் எடுத்துவிட்டு, செபு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து யோசிக்கும் விஷயம் அல்ல அது.

வயதைக் கேட்காமல் விடுவது

அரசு அடையாள அட்டையைப் பாருங்கள். உங்களைவிடப் பத்து வயதோ அதற்கு மேலோ இளையவராகவும் 18 நிரம்பாதவராகவும் இருந்தால், ஹோட்டலில் உடன் வைத்திருப்பதே குடியரசுச் சட்டம் 7610இன்படி குற்றம்.

'பாதி வழியில் சந்திப்போம்'

கேட்க நியாயமாக இருக்கும்: நீ பாங்காக் வா, நானும் வருகிறேன், டிக்கெட் நான் எடுக்கிறேன். பிலிப்பைன்ஸ் குடிநுழைவுத் துறை இந்தத் திட்டத்தை ஆயிரம் முறை பார்த்திருக்கிறது. ஆள்கடத்தல் தடுப்பு விதிகளின்படி வெளியே போகும் சொந்தக் குடிமக்களையே அவர்கள் விசாரிப்பார்கள். முதல் பயணம், சம்பளச் சான்று இல்லை, டிக்கெட் எடுத்தவர் உறவில்லாத வெளிநாட்டவர் என்றால் இரண்டாம் கட்ட விசாரணை நிச்சயம். செலவுக்குப் பொறுப்பேற்கும் உறுதிமொழிப் பத்திரம் நான்காம் படி உறவுக்குள் (சித்தப்பா, மாமா பிள்ளைகள் வரை) இருப்பவர் தந்தால்தான் செல்லும். காதலர் தந்தது செல்லாது. நிச்சயிக்கப்பட்டவரைப் பார்க்க அல்லது மணக்கப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னால், வெளிநாட்டு பிலிப்பினோக்கள் ஆணையத்தின் ஆலோசனைச் சான்றிதழ் எங்கே என்பார்கள். தோழிகளோடு சுற்றுலா என்று மாற்றிச் சொன்னால் கைப்பேசியை வாங்கிப் பார்க்கவும் கூடும்.

விமானத்தில் ஏற்றாமல் திருப்பி அனுப்புவதை அங்கே 'ஆஃப்லோட்' என்கிறார்கள். டிக்கெட் பணம் திரும்பாது. நீங்கள் பாங்காக்கில் தனியாக நிற்பீர்கள். அவருடைய அடுத்த பயணத்திலும் இந்தப் பதிவு எட்டிப் பார்க்கும். முதல் சந்திப்புக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

முதல் பயணத்திலேயே தாலி

14 நாளில் நடக்காது. கணக்குப் போடுங்கள். வெளிநாட்டவருக்குத் தன் நாட்டுத் தூதரகம் தரும் 'திருமணம் செய்யச் சட்டத் தகுதி' சான்று வேண்டும். அதற்கு மணிலாவிலுள்ள இந்தியத் தூதரகம் கேட்கும் ஆவணங்களை ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும். அது கிடைத்தபின் உள்ளூர் சிவில் பதிவாளரிடம் விண்ணப்பம், பிறகு பத்து நாள் தொடர்ந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அதற்குப் பிறகே உரிமம். 21 முதல் 25 வயதுக்குள் இருப்பவர் பெற்றோர் ஆலோசனைக் கடிதம் தராவிட்டால் உரிமம் மூன்று மாதம் தள்ளிப்போகும். விசா இல்லாத 14 நாளை நீட்டிக்கவும் முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது. இரண்டாம் பயணத்துக்கு முறையான 9ஏ சுற்றுலா விசா வாங்கிப் போங்கள். உரிமம் 120 நாள் செல்லும்.

டிக்கெட்டை மட்டும் செலவாக எண்ணுவது

ஒரு பெசோ சுமார் ஒன்றரை ரூபாய். யுபிஐயை நம்பிப் போகாதீர்கள். ரூபாய் நோட்டை மாற்றுவதும் கஷ்டம். மடிப்பில்லாத நூறு டாலர் நோட்டாகக் கொண்டுபோய் மால்களில் இருக்கும் பணமாற்றுக் கடைகளில் மாற்றுங்கள். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் அங்குள்ள வங்கி சுமார் 250 பெசோ பிடிக்கும். நாலு முறை ஐந்தாயிரம் எடுத்தால் ஆயிரம் பெசோ போச்சு. இரண்டு முறை பத்தாயிரமாக எடுத்தால் பாதி மிஞ்சும். பெரும்பாலான இந்திய அட்டைகளில் 3.5 சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக நூறு ரூபாய்க்கு 4 ரூபாய் 13 காசு. 'ரூபாயில் கட்டுகிறீர்களா?' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று பெசோவைத் தேர்ந்தெடுங்கள். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். ஓடிபி வர இந்திய சிம்மில் ரோமிங் உயிரோடு இருக்க வேண்டும்.

எல்லோரும் மறக்கும் செலவு குடும்பம். முதல் நாள் அவர் தனியாக வருவார் என்று நினைப்பீர்கள். தங்கை, சித்தி, சித்தியின் இரண்டு பிள்ளைகள் என்று அவரோடு சேர்த்து ஐந்து பேர் வருவார்கள். அது உங்களை ஏமாற்ற அல்ல, அவருடைய பாதுகாப்புக்கு. நல்ல வழக்கம்தான், நம் வீட்டுப் பெண் என்றால் நாமும் அதைத்தான் செய்வோம். சாப்பிட அழைத்தவர் பணம் கட்டுவது அங்கே முறை. உணவகத்தில் 10 சதவீத சேவைக் கட்டணம் சேரலாம். உங்களோடு சேர்த்து ஆறு பேர் சாப்பாட்டுக்கு மூன்று முறையாவது ஒதுக்குங்கள். வெறுங்கையோடு போகாமல் 'பசலுபோங்' என்கிற ஊர்ப் பரிசு கொஞ்சம் எடுத்துச் செல்லுங்கள். இனிப்பும் முந்திரியும் போதும். தங்க நகை எல்லாம் முதல் சந்திப்புக்கு அதிகப்பிரசங்கித்தனம்.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு செபு

சினுலோக் திருவிழா. அறையே கிடைக்காது.

பதினான்கு நாளையும் அவருக்கே எழுதிவைப்பது

அவருக்கு வேலை இருக்கும். பத்து நாள் போதும். அதில் முதல் இரண்டு நாள் பகலில், பொது இடத்தில் மட்டும். ஒத்துவரவில்லை என்றால் மீதி நாளில் போஹோலின் சாக்லேட் குன்றுகளைப் பார்த்துவிட்டு வரலாம். செபு துறைமுகத்திலிருந்து போஹோலின் தக்பிலாரனுக்கு விரைவுப் படகில் இரண்டு மணி நேரம்.