பழைய ஆம்னி எப்போதாவது மட்டும் ஓவர்ஹீட் ஆகிறதா? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

தினமும் கொதிக்கிற வண்டியைச் சரிசெய்துவிடலாம். தொல்லை கொடுப்பது எப்போதாவது கொதிக்கிற வண்டிதான். வாரம் முழுக்க டெம்பரேச்சர் ஊசி நடுவிலேயே நிற்கும்; ஒருநாள் ஈரோடு பன்னீர்செல்வம் பார்க் நெரிசலில் சிவப்பைத் தொடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் ஒன்றுமே தெரியாது. அப்புறம் குத்துமதிப்பாக ஒவ்வொரு சாமானாக மாற்றிக் காசு கரையும்.

1984-ல் மாருதி வேன் என்று வந்து, ஆம்னி என்ற பெயரில் 2019 வரை ஓடிய 796 சிசி, மூன்று சிலிண்டர் வண்டியை வைத்துச் சொல்கிறேன். மற்ற பழைய வேன்களுக்கும் பார்க்கிற முறை இதேதான்.

முதலில் ஒரு நோட்டு

ஸ்பேனரை எடுக்கும் முன் பேனாவை எடுங்கள். எப்போது சூடேறியது, வண்டி நின்றதா ஓடியதா, மேடா சமதளமா, எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள்.

நின்றால் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்று போதவில்லை. ஃபேன் பக்கம் போங்கள். டவுனுக்குள் நன்றாக ஓடி, பைபாஸில் விரட்டும்போதோ பண்ணாரி தாண்டித் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதோ சூடானால் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), வாட்டர் பம்ப் மூன்றில் ஒன்று. ஊசி காரணமே இல்லாமல் துள்ளினால் தண்ணீர் குறைந்து காற்று புகுந்திருக்கும். ஹெட்லைட் போட்டதும் ஊசி ஏறினால் எஞ்சினில் கோளாறே இருக்காது, எர்த் ஒயரைப் பாருங்கள்.

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வெந்நீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில்தான் திறக்க வேண்டும்.

உள்ளே தண்ணீர் விளிம்பு வரை இருக்கிறதா? ரிசர்வ் டப்பா நிறைய இருந்தும் ரேடியேட்டர் குறைந்திருந்தால், அநேகமாக மூடிதான் குற்றவாளி. சூட்டில் டப்பாவுக்குப் போன தண்ணீரை, ஆறியதும் திரும்ப உள்ளே விடும் சின்ன வால்வு மூடியின் அடியில் இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டால் தண்ணீர் திரும்பாது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். மூடியில் 0.9 என்று போட்டிருந்தால், அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். அழுத்தம் நிற்காத மூடியோடு வால்பாறை ஏறினால், 1,000 மீட்டர் உயரத்தில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே ஓடுகிற வண்டி மலையில் மட்டும் கொதிக்க இது ஒன்றே போதும்.

அடுத்து தண்ணீரின் நிறம். மூடியின் கழுத்தில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்கு வந்தால் உப்பு, செம்மண் நிறத்தில் வந்தால் துரு. நம் பக்கம் காங்கேயம், தாராபுரம், திருப்பூர் என்று எங்கே பார்த்தாலும் போர் தண்ணீர் உப்புதான். அவசரத்துக்கு ஒரு பாட்டில் ஊற்றுவது வேறு. அதையே வருஷக்கணக்கில் ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் ரேடியேட்டருக்கு வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ரெடிமிக்ஸ் கூலண்ட் என்றால் அப்படியே ஊற்றலாம்.

ஃபேன்

வண்டியை நியூட்ரலில், வெட்டவெளியில் ஓடவிட்டுக் காத்திருங்கள். ஊசி நடுவைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லையா? எஞ்சினை அணைத்து முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பிறகு, தண்ணீர் சூடானதும் ஃபேனைப் போடும் தெர்மோ ஸ்விட்ச்சின் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் ரிலேவும் நலம், ஸ்விட்ச் போய்விட்டது. சுற்றாவிட்டால் பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். கை, துணி, துண்டு எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது.

கரன்ட் வந்தும் சுற்றாமல், ஸ்பேனரின் பின்பக்கத்தால் மோட்டாரை லேசாகத் தட்டியதும் சுற்ற ஆரம்பித்தால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. ஒருநாள் சுற்றும், ஒருநாள் நிற்கும். எப்போதாவது வருகிற ஓவர்ஹீட்டுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும்

டார்ச் அடித்து ரேடியேட்டரின் இதழ்களைப் பாருங்கள். திருப்பூரில் பஞ்சு, பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷ் அடித்தால் இதழ் மடங்கிவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும், உண்மையான நோயும் மறைந்துகொள்ளும். கழற்றி, பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன் மேல் அச்சடித்த டிகிரியில், பெரும்பாலும் 82 அல்லது 88, திறக்கத் தொடங்க வேண்டும். ஆறவிட்டு மறுபடி சூடாக்கிப் பாருங்கள். ஒரு தடவை திறந்து அடுத்த தடவை சிக்கிக்கொள்ளும் வால்வு நிறைய உண்டு.

வாட்டர் பம்ப்பின் அடியில் கசிவுத் தடம், பெல்ட்டில் தொய்வு இரண்டையும் பார்த்துவிடுங்கள். கீழ் ஹோஸ் ரேஸ் கொடுக்கும்போது உள்வாங்கிச் சப்பையானால் மாற்ற வேண்டியதுதான்.

கேஸ் வண்டியா?

எல்பிஜி கிட் போட்ட ஆம்னியில், கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசரைச் சூடாக்க எஞ்சின் தண்ணீரைத்தான் கொண்டுபோவார்கள். அதற்காக ஹோஸை வெட்டி டி ஜாயின்ட் போட்டிருப்பார்கள். அந்தக் கிளிப்புகளில் கசிவு பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரெட்யூசர் மேல் பனி பூத்திருந்தால், அங்கே தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக ஹெட் கேஸ்கெட்

எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். வெளியே கசிவே இல்லாமல் தண்ணீர் குறைகிறதா, மூடியைத் திறந்துவைத்துக் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் குமிழி தொடர்ந்து வருகிறதா, ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பசை இருக்கிறதா? இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் வளையும். கேஸ்கெட் மாற்றும்போது ஹெட்டை நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தச் சொல்லுங்கள்.

எதைச் சரிசெய்தாலும் தண்ணீர் நிரப்பும்போது மூடி உள்ள பக்கம் மேடாக நிறுத்தி, மூடியில்லாமல் ஐடிலில் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். ஹீட்டர் இருந்தால் அதையும் திறந்துவையுங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், மட்டத்தைப் பார்த்துக் குறைந்த அளவை நோட்டில் எழுதிவிட்டு நிரப்புங்கள்.