புருஸ்கெட்டா நமத்துப்போவது ஏன்?

புருஸ்கெட்டா என்ற இத்தாலியப் பண்டம் இவ்வளவுதான்: வாட்டிய ரொட்டி, அதில் தேய்த்த பூண்டு, ஆலிவ் எண்ணெய், மேலே நறுக்கிய தக்காளி, நாலு பேசில் இலை. அடுப்பு வேலை ஐந்தே நிமிடம். ஆனாலும் வீட்டில் செய்யும்போது பெரும்பாலும் சொதப்பிவிடுகிறது. கையில் எடுத்தால் ரொட்டி நடுவில் தொங்குகிறது, தக்காளி வழுக்கிக்கொண்டு தட்டில் விழுகிறது, சாறு மணிக்கட்டு வரை ஓடுகிறது. உடனே எல்லோரும் தக்காளியைத்தான் குறை சொல்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் ரொட்டியில் இருக்கிறது.

முதலில் பெயர். இத்தாலிய எழுத்துமுறையில் ‘bruschetta’வில் உள்ள ‘ch’ என்பது ‘க்’ ஒலி. அதனால் புருஸ்கெட்டா, ‘புருஷெட்டா’ தவறு. ரோம் வட்டாரப் பேச்சில் ‘புருஸ்காரே’ என்றால் கரி நெருப்பில் வாட்டுவது. அப்படி வாட்டிய ரொட்டிக்குத்தான் இந்தப் பெயர், மேலே வைக்கும் தக்காளிக்கு இல்லை. தக்காளி ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில். வாட்டிய ரொட்டியில் எண்ணெய் ஊற்றித் தின்னும் பழக்கம் அதைவிட மிகப் பழையது. மத்திய இத்தாலியின் டஸ்கனியில் இன்றும் புதிதாக ஆட்டிய ஆலிவ் எண்ணெய் வரும் நவம்பர் வாக்கில் ரொட்டி, பூண்டு, எண்ணெய், உப்பு மட்டும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். அதன் பெயர் ‘ஃபெத்துந்தா’, அதாவது எண்ணெயில் நனைந்த துண்டு. தக்காளி இல்லாமலே நிற்கக்கூடிய பண்டம் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் பாதித் தவறுகள் நேராது.

நால்வருக்கு எட்டுத் துண்டு செய்ய வேண்டிய அளவு: நன்கு பழுத்த தக்காளி 500 கிராம், உப்பு முக்கால் டீஸ்பூன், பூண்டு 2 பல், பேசில் 10 இலை, எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் 4 டேபிள்ஸ்பூன், ரொட்டி 8 துண்டு.

ரொட்டியில் நடக்கும் தவறுகள்

பாக்கெட்டில் வரும் சாண்ட்விச் பிரெட்டை எடுப்பது முதல் தவறு. அதில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்திருக்கும், உள்ளே பஞ்சு போல இருக்கும். சர்க்கரை இருப்பதால் உள்ளே காய்வதற்குள் வெளியே சிவந்துவிடும். பஞ்சு போன்ற உட்பகுதி தக்காளிச் சாற்றை உறிஞ்சிக் கூழாகிவிடும். மத்திய இத்தாலியில் இதற்கு எடுப்பது ‘பானே கசரேச்சோ’ என்ற நாட்டு ரொட்டி: மாவு, தண்ணீர், புளித்த மாவு, சில ஊர்களில் உப்பு, அவ்வளவுதான். மேலோடு தடிப்பாக, உள்ளே ஒழுங்கில்லாத ஓட்டைகளோடு, மென்றால் சற்று இழுக்கும். டஸ்கனி ரொட்டியில் உப்பே கிடையாது; அங்கே உப்பு மேலேதான் தூவப்படும்.

நம் பக்கத்தில் பெரிய ஊர்ப் பேக்கரிகளில் கிடைக்கும், புளித்த மாவில் செய்த சவர்டோ ரொட்டி இதற்கு நெருங்கி வரும். சியாபாட்டா என்ற இத்தாலிய ரொட்டியும் சரி. இலங்கையில் இருப்பவர்களுக்கு ரோஸ் பாண் என்ற ரொட்டி இருக்கிறது. மொறுமொறுப்பான மேற்புறம் உள்ள இனிப்பில்லாத பாண் எதுவும் ஓரளவு தாங்கும். இனிப்பு பன், பால் பிரெட் பக்கம் போக வேண்டாம்.

அன்று சுட்ட புது ரொட்டிதான் நல்லது என்று நினைப்பது அடுத்த தவறு. முந்தைய நாள் ரொட்டியே இதற்கு ஏற்றது. ஈரம் கொஞ்சம் குறைந்திருக்கும், கத்தி போட்டால் நசுங்காது, சீக்கிரம் மொறுமொறுக்கும்.

கனத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒன்றரை சென்டிமீட்டர் வைத்து வெட்டுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் துண்டு முழுவதும் காய்ந்து ரஸ்க் ஆகிவிடும். கடித்ததும் நாலாக உடைந்து சட்டையில் விழும். சிறிதாக, மெல்லிசாக வெட்டிச் செய்வது ‘குரொஸ்தீனி’ என்ற வேறு பண்டம். இரண்டரை சென்டிமீட்டர் வைத்தால் நடுப்பகுதி வெறும் ரொட்டியாக வாயை அடைக்கும். நமக்கு வேண்டியது வெளியே கரகரப்பு, உள்ளே ஒரு கோடு மென்மை.

அந்தக் கோடு கிடைக்க நெருப்பு வேகமாக இருக்க வேண்டும். சிறு தீயில் பத்து நிமிடம் வைத்தால் ரொட்டி சிவக்காமலே உள்ளே வரை வறண்டுவிடும். இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் விடாமல், மிதமான தீக்கு சற்று மேலே வைத்துப் பக்கத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் வாட்டுங்கள். தோசைத் திருப்பியால் அழுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் காற்றறைகள் நசுங்கித் துண்டு அட்டை போலாகும். ஓவனில் மேல் கிரில்லை 220 டிகிரிக்கு வைத்தால் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் கண் எடுக்கக்கூடாது. கரி அடுப்போ, கேஸ் மேல் வைக்கும் கம்பி வலையோ இருந்தால் இன்னும் நல்லது. ஓரங்களில் அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுவதில் குற்றமில்லை. முழுக்கக் கருகியிருந்தால் சுரண்டிக் காப்பாற்ற முயல வேண்டாம்; கசப்பு எண்ணெயில் ஏறிவிடும்.

பிறகு யாரும் சொல்லாத ஒன்று. வாட்டிய ரொட்டியைத் தட்டையான தட்டில் வைத்துவிடுகிறோம். சூட்டில் வெளிவரும் ஆவி அடியில் சிக்கி நீராகி, தக்காளி படுவதற்கு முன்பே அடிப்பக்கம் நமத்துவிடுகிறது. கம்பித் தட்டில் வையுங்கள். அது இல்லையென்றால் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று சாய்த்துக் கூடாரம் போல நிறுத்தினாலே போதும்.

பூண்டு எங்கே போக வேண்டும்

பூண்டைப் பொடியாக நறுக்கித் தக்காளியோடு பிசைந்து மணிக்கணக்கில் வைப்பது பரவலான பழக்கம். பச்சைப் பூண்டை வெட்டியதும் அதன் செல்கள் உடைந்து அல்லிசின் உருவாகிறது. காரமும் நெடியும் அதிலிருந்துதான். நறுக்கிக் கலந்தால் ஒவ்வொரு துணுக்கும் வாயில் தனியாகச் சுள்ளென்று படும். கலவை காத்திருக்கக் காத்திருக்க தக்காளி முழுக்கப் பூண்டு வாசமே நிற்கும்.

ரோமில் பாட்டிமார் செய்யும் முறைதான் சரி. ஒரு பல்லைத் தோலுரித்துக் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். ரொட்டி சூடாக இருக்கும்போதே வெட்டிய முகத்தை அதன் மேல் வைத்து இரண்டு மூன்று இழுப்பு தேயுங்கள். வாட்டிய ரொட்டியின் சொரசொரப்பு தேங்காய்த் துருவி போல வேலை செய்யும். பல் கண்ணெதிரே கரையும். ரொட்டியின் மேல் ஈரமான பளபளப்பு ஒன்று ஓடும். சூட்டில் மணம் மேலே எழும். ஒரு பல் நாலு துண்டுக்குத் தாராளம். ஐந்தாறு இழுப்புக்கு மேல் போனால் தின்றவர் மறுநாள் வரை உங்களை நினைத்துக்கொள்வார்.

வாட்டுவதற்கு முன்பே தேய்த்தால் மெத்தென்ற ரொட்டியில் பூண்டு கரையாது, கரைந்த கொஞ்சமும் கல்லில் கருகும். பாட்டிலில் வரும் இஞ்சி பூண்டு விழுதைத் தடவுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இன்னொன்று, இது விளையாட்டில்லை: பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் கிருமி நஞ்சை உண்டாக்க முடியும். வாசனையால் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. பூண்டெண்ணெய் வேண்டுமானால் அன்றன்றைக்குச் செய்யுங்கள், மிஞ்சினால் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

தக்காளியும் அதன் தண்ணீரும்

தக்காளியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். உப்புப் பட்டால் அது வெளியே வரத்தான் செய்யும். வடிதட்டில் வருகிறதா, ரொட்டியின் மேல் வருகிறதா என்பதை மட்டுமே நாம் முடிவு செய்கிறோம். நறுக்கி, கலந்து, உடனே ரொட்டியில் வைத்து, அதன் மேல் உப்புத் தூவுகிறவர் ரொட்டியின் மேல் வரச் செய்கிறார்.

தக்காளியை ஒரு சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கி, உப்பைக் கலந்து, வடிதட்டில் போட்டு, அடியில் கிண்ணம் வைத்து 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். கிண்ணத்தில் இளஞ்சிவப்பு நீர் சேரும். ஒரு மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள், சதை துவண்டுவிடும். வடிந்த பிறகுதான் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயைச் சேர்க்க வேண்டும், மீதி ரொட்டிக்கு. அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், மாலை ரசத்துக்கு அது சொந்தம்.

விதையை எடுப்பதா, விடுவதா? விதையைச் சுற்றியுள்ள வழவழப்பில்தான் சதையை விட அதிகமாகக் குளுட்டமேட் இருக்கிறது, அதாவது நாவில் நிற்கும் ருசியைத் தரும் பொருள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாத் தக்காளியின் விதையையும் வழித்தெறிந்தால் வண்ணம் மட்டும் மிஞ்சும். நாட்டுத் தக்காளி போல விதையும் நீரும் நிறைந்ததாக இருந்தால் பாதி விதையை எடுத்துவிடுங்கள். சதைப்பற்றான பெங்களூர்த் தக்காளிக்கும் செர்ரித் தக்காளிக்கும் அது தேவையில்லை. சுவை என்று பார்த்தால் எங்கள் ஓட்டு செர்ரித் தக்காளிக்கு; தோல் சற்று அதிகமாகத் தட்டுப்படும், ஆனால் இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே இருக்கும். நாட்டுத் தக்காளி மட்டும் கிடைத்தால் புளிப்பைத் தணிக்க ஒரு சிட்டிகைச் சர்க்கரை போடலாம், இத்தாலியர் யாரும் பார்க்கப்போவதில்லை.

சான் மர்ஸானோ என்ற பெயரைக் கேட்டு டின் தக்காளி வாங்குகிறவர்களும் உண்டு. அது சாஸுக்குப் புகழ்பெற்ற ரகம்; டின்னில் வருவது சூட்டில் பதப்படுத்தியது. பச்சையாகத் தின்னும் பண்டத்துக்கு அது பொருந்தாது.

ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்து நறுக்குவதும் கெடுக்கும். 12 டிகிரிக்குக் கீழே தக்காளியின் மணப்பொருள்கள் உருவாவது மட்டுப்படுகிறது. 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்த தக்காளி, வெளியே எடுத்துவைத்த பிறகும் மணத்தை முழுதாக மீட்பதில்லை என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பழுத்த தக்காளி வெளியிலேயே இருக்கட்டும்.

எண்ணெய், இலை, தேவையில்லாத சேர்க்கைகள்

இங்கே எண்ணெய்தான் மசாலா. ‘பொமஸ்’ என்றோ ‘லைட்’ என்றோ போட்டிருக்கும் ஆலிவ் எண்ணெய் சுத்திகரித்தது; பொரிக்க, வதக்க உதவும், மணம் இருக்காது. எக்ஸ்ட்ரா வர்ஜின் என்று எழுதியதை, முடிந்தால் அறுவடைத் தேதி போட்டதை, கறுத்த பாட்டிலில் வாங்குங்கள். விழுங்கும்போது தொண்டையில் லேசாக மிளகு போல உறுத்தினால் அது கெட்ட எண்ணெய் இல்லை, நல்லதன் அடையாளம். ரொட்டியில் முன்கூட்டியே தடவிக் கல்லில் போட்டால் அந்த மணம் புகையோடு போய்விடும். வாட்டி, பூண்டு தேய்த்து, பிறகு துண்டுக்கு ஒரு டீஸ்பூன் தாராளமாக ஊற்றுங்கள். எண்ணெய்ப் படலம் தக்காளி நீரையும் சிறிது நேரம் தடுத்து நிறுத்தும்.

பேசிலுக்குப் பதில் துளசி போடுவது நம்மூர்த் தவறு. துளசி வேறு இனம். கிராம்பு போன்ற அதன் காட்டம் தக்காளியை அமுக்கிவிடும். சப்ஜா விதை தரும் திருநீற்றுப்பச்சிலைதான் தாவரவியலில் பேசில். ஆனால் செடிக்குச் செடி மணம் மாறும், சிலதில் சோம்பு, சிலதில் கற்பூர வாடை. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். கத்தியால் பொடியாக நறுக்கினால் இலை சீக்கிரம் கறுக்கும். கையால் கிழித்து, பரிமாறும் நேரத்தில் போடுங்கள். காய்ந்த பேசில் வைக்கோல்; அதற்குப் பதில் காய்ந்த ஓரிகானோ எவ்வளவோ மேல்.

பால்சாமிக் வினிகரின் பெயரில் வரும் கெட்டியான கிளேஸைக் கோடு கோடாக ஊற்றுவது உணவகப் பழக்கம். இத்தாலியின் மொடெனா ஊரின் மரபான பால்சாமிக் குறைந்தது 12 ஆண்டு பீப்பாயில் முதிர்வது; பாட்டிலில் வரும் கிளேஸ் பெரும்பாலும் இனிப்புச் சேர்த்துக் கெட்டியாக்கியது, தக்காளியின் இனிப்போடு மோதும். மொசரெல்லா சீஸ் வைத்து உருக்கினால் அது பிட்சா வழிக்குப் போய்விடும். உருக்காமல் வைக்க ஆசை என்றால் துணியில் அரை மணி நேரம் வடியவிட்டு வையுங்கள், அதுவும் தண்ணீர்ப் பண்டம்தான்.

கடைசியாக நேரம். விருந்தினர் வருவதற்கு அரை மணி முன்பே அடுக்கிவைத்தால் மேலே செய்த எல்லாம் வீண். தக்காளியை வடித்து வையுங்கள், ரொட்டியை வெட்டி வையுங்கள், எல்லோரும் உட்கார்ந்த பிறகு வாட்டுங்கள். வைத்து ஐந்து நிமிடத்துக்குள் வாய்க்குப் போக வேண்டும். கூட்டம் அதிகமென்றால் எண்ணெய் ஊற்றிய சூடான ரொட்டியைக் கூடையிலும் தக்காளியைக் கிண்ணத்திலும் நடுவில் வைத்துவிடுங்கள், அவரவர் அள்ளிக்கொள்வார்கள்.

அப்படியும் நாலு துண்டு மிஞ்சி ஊறிப்போனால் குப்பையில் போட வேண்டாம். டஸ்கனியில் காய்ந்த ரொட்டியை நனைத்துப் பிழிந்து தக்காளி, வெங்காயம், பேசில், வினிகர் சேர்த்து ‘பன்சனெல்லா’ என்று கோடைக்காலம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். ஊறிய துண்டுகளைப் பிய்த்துப்போட்டு, மெல்லிசாக அரிந்த வெங்காயம் ஒன்று, ஒரு டீஸ்பூன் வினிகர், இன்னும் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துப் பிசறிக் கால் மணி நேரம் மூடி வைத்தால் அந்த வழியில் ஒரு சாலட் தயார்.